தட்டினால் விட்டுவிட வேண்டும்

இன்று காலை என் மேசைமேல் ஒரு சாம்பிள் வந்து கிடந்தது. சிறுவர் அளவு. மல்லுக்கட்டிப் பழகுகிறவர்கள் போடுகிற, உடம்போடு ஒட்டிப் பிடிக்கிற முழுக்கைப் பனியன். பனியன் என்று சொன்னால் உனக்குக் கோபம் வரும், ரேஷ்கார்டு என்று சொல்லச் சொல்லித் திருத்துவாய். அச்சுச் சூடு ஆறாத துணியில் மையும் பாலியெஸ்டரும் கலந்த ஒரு வாடை இருக்குமே, அது. உன் பயிற்சிக் கூடத்து வாடையில் பாதி இதுதான். மீதிப் பாதி வியர்வையும் ஃபினாயிலும். எடுத்து மூக்கருகே வைத்துக்கொண்டேன். எதிரில் நின்ற கட்டிங் மாஸ்டர், ஏதாச்சும் டேமேஜுங்களா என்று கேட்டார். இல்லை என்றேன்.

டேமேஜ் இல்லைதான். அட்டைப்பெட்டிமேல் எந்த நாட்டுக்குப் போகிறது என்று சீட்டு ஒட்டுவோம் அல்லவா, சாம்பிளோடு வந்த அந்தச் சீட்டில் இந்தியா என்று போட்டிருந்தது.

"மாப்ள, நம்ம நாட்டு ஆர்டர் எப்ப வரும்?" ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நீ கேட்ட கேள்வி. நானும் ஒவ்வொரு வாரமும், வரும்போது வரும் போடா என்று எரிந்து விழுந்திருக்கிறேன். வந்துவிட்டது. சொல்லிவிடலாம் என்று கைப்பேசியை எடுத்து உன் பெயர்வரை போய்விட்டேன். பிறகு அதை அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டு, அந்தச் சின்னச் சட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நல்ல சேதி வந்து சேர்ந்தும் அதைக் கொண்டுபோய்க் கொடுக்க ஆளில்லாமல் நிற்பதைப்போல ஒரு கையாலாகாத நிலை வேறு இல்லையடா.

பீளமேட்டுக் கல்லூரியில் ஒரே பெஞ்சில் இருந்து வெளியே வந்தோம். நான் திருப்பூருக்கு ரயிலேறிப் பனியன் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைப் பார்த்துக்கொள்கிற மெர்ச்சண்டைசர் ஆனேன். நீ பம்பு கம்பெனியில் சேர்ந்தாய். கல்யாணம் பேசுகிற வயதில் அதை விட்டுவிட்டு, மூடிப்போன மில்லுக்குப் பின்னால் ஒரு குடோனை வாடகைக்குப் பிடித்தாய். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. தரையில் ரப்பர் மெத்தை. குத்து, உதை, மல்யுத்தம், தரையில் புரண்டு பிடிக்கும் பிடி எல்லாம் சேர்ந்த சண்டைக்கு எம்.எம்.ஏ. என்று பெயர்ப்பலகை மாட்டினாய். முதல் மாதம் வந்தவர்களில் ஒருவர் கராத்தேங்களா என்று கேட்டார், ஒருவர் யோகாங்களா என்று கேட்டார். ஒரு தேங்காய் வியாபாரி, குடோனை உள்வாடகைக்கு விடுவீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார். "மில்லு மூடுன பொறவு அதுல வேல செஞ்சவங்களுக்குத்தான் புத்தி பேதலிச்சுது, பின்னால குடோன் எடுத்தவனுக்குமா?" என்று உன் அம்மா என்னிடம்தான் நொந்துகொண்டார்.

நானும் உன்னைச் சும்மா விடவில்லை. நான் தாராபுரத்துக்காரன், சேவல்கட்டு பார்த்து வளர்ந்தவன். கூண்டுக்குள் இரண்டு பேரை விட்டு வெளியே நின்று கூவுகிறார்கள், காலில் கத்தி கட்டாததுதான் பாக்கி என்றேன். நீ கோபப்படுவாய் என்று எதிர்பார்த்தேன். நிதானமாகத்தான் சொன்னாய்.

"சேவலுக்குத் தட்டத் தெரியாது மாப்ள. அது உசுரு போற வரைக்கும் நிக்கும். மனுசனுக்குத் தட்டத் தெரியும். எதுக்க இருக்கறவனுக்கு உடத் தெரியும். இது ரெண்டும் இருந்தாத்தான் வெளயாட்டு."

பிடி இறுகி, கழுத்தோ கையோ இனித் தாங்காது என்றாகும்போது, பிடிபட்டவன் பிடித்தவன் உடம்பில் இரண்டு தட்டுத் தட்டுவது. அத்தோடு சண்டை முடிந்தது. தோற்றவனுக்கு அதில் அவமானமில்லை, மறுநாள் எழுந்து வரலாம். உன்னிடம் சேருகிற ஐ.டி. கம்பெனிக்காரனானாலும் கல்லூரிப் பையனானாலும், குத்தும் உதையும் அப்புறம்தான். முதல் வாரம் முழுக்கத் தட்டவும் விடவும் பழக்குவாய். "தட்டுனா உட்டறோணுமுங்க. ஏன் எதுக்குன்னு கேக்கப்படாதுங்க" என்று உன்னைவிடச் சின்னவர்களுக்கும் ங்க போட்டுச் சொல்வாய். தட்டியபிறகு ஒரு மூச்சு நேரம் கூடுதலாகப் பிடித்திருந்த ஒருவனை அன்றே வீட்டுக்கு அனுப்பினாய். சத்தம் போடவில்லை. அவன் பையை நீயே எடுத்துவந்து கையில் கொடுத்தாய்.

அமெரிக்காவில் சனிக்கிழமை ராத்திரி நடக்கிற சண்டை நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் வரும். நான் கறிக்கடையில் வரிசையில் நின்று கறி வாங்கிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்துவிடுவேன். அம்மா கறியை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போவார். நாம் லேப்டாப்பைத் திறப்போம். இஞ்சி பூண்டு வதங்கும் வாசத்தில் யாரோ யாரையோ மூக்கில் குத்திக்கொண்டிருப்பார்கள். அம்மா நம் முன்னால் கடந்து போகவேண்டி வந்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு போவார். உன் சண்டைகளையும் அவர் பார்த்ததில்லை. பெங்களூரில் நீ இரண்டுமுறை கூண்டேறி இரண்டுமுறையும் தோற்று வந்தாய். வீங்கிய கண்ணுக்கு ஒத்தடம் கொடுத்தபோதும் வேறெங்கோ பார்த்துக்கொண்டுதான் கொடுத்தார்.

சண்டை முடிந்தால் உன் விசாரணை தொடங்கும். இந்த வாரம் எந்த நாட்டு ஆர்டர்? உலகத்தில் எந்த நாட்டில் இந்தச் சண்டைப் பைத்தியம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை என் பெட்டிச் சீட்டுகளை வைத்தே கணக்குப் போட்டவன் நீ. போலந்துக்குப் பெரிய பெரிய அளவுகளாகப் போகிறது என்றால், அங்கே மைதானம் நிரம்புகிறது மாப்ள என்பாய். துபாய்ப் பக்கம் முழுக்கச் சிறுவர் அளவு என்றால், பள்ளிக்கூடத்திலேயே தரைப்பிடி சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பாய். ஜப்பான்காரன் ஒரு தையல் பிசகினாலும் திருப்பி அனுப்புகிறான் என்று நான் புலம்பினால் உன் முகம் மலர்ந்துவிடும். அங்கே கூட்டம் சத்தமே போடாதாம். ஒருவன் பிடி மாற்றினால் அந்த நுணுக்கத்துக்குக் கைதட்டுவார்களாம். பிரான்சில் நெடுநாள் அனுமதியே இல்லாமல் இருந்து, கொடுத்ததும் ஆர்டர் திபுதிபுவென்று வந்தது. பிரேசில்காரன் மட்டும் ஏன் நம்மிடம் வாங்குவதில்லை என்று கேட்டேன். "கொல்லன் தெருவுல ஊசி விக்கப் போறியா?" என்றாய். ருஷ்யாவின் மலை ஊர்களில், இங்கே பையன்கள் மட்டையைத் தூக்கிக்கொண்டு போவதுபோல அங்கே மல்லுக்குப் போவார்கள் என்றாய். ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாத இத்தனை நாட்டுக்காரர்களுக்கும் இரண்டு தட்டு மட்டும் புரிகிறது என்பதில் உனக்கு அப்படி ஒரு பெருமை, என்னவோ நீ கண்டுபிடித்ததுபோல.

கடைசியில் எப்போதும் நம் நாட்டுக்கு வந்து நிற்பாய். மணிப்பூரில், மிசோரத்தில், பஞ்சாபில் பையன்கள் கிளம்பிவிட்டார்கள், கோயமுத்தூருக்கும் வரும் என்பாய். நான் கிரிக்கெட் வைத்துவிடுவேன்.

பிறகு உன் பிடி நழுவியது. கழுத்துப்பிடி ஒன்றைச் செய்து காட்டிக்கொண்டிருந்தாய், பிடிபட்ட பையன் "டைட்டாவே இல்லீங்க சார்" என்றான். எல்லோரும் சிரித்தோம், நீயும் சிரித்தாய். அப்புறம் நடக்கும்போது இடதுகால் செருப்பு தானாகக் கழன்று பின்னால் நின்றுவிடும். ஊறுகாய் பாட்டில் மூடியை என்னிடம் நீட்டினாய். நரம்பைத் தின்னுகிற நோய் என்றார்கள். கொஞ்சம் தள்ளிப்போட மருந்து இருக்கிறது, போனதைத் திருப்பிக் கொண்டுவர மருந்து இல்லை என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அதே லேப்டாப்பைத் திறந்து நாடு நாடாக மருந்து தேடினோம். ஜப்பானில் ஏதாவது, அமெரிக்காவில் ஏதாவது. சண்டைக்கு அத்தனை நாடும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இதற்கு ஒரு நாடும் இல்லை. அம்மா சமையலறையில் இருந்தபடியே, கெடைச்சுதா சாமி என்று கேட்பார். பார்த்துட்டு இருக்கறோம்மா என்பேன். அவ்வளவுதான் நான் செய்ய முடிந்தது, பார்த்துக்கொண்டிருப்பது.

ஒருநாள் மத்தியானம் உனக்கு மூச்சு அடைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் தொண்டையில் குழாய் வைக்கவா என்று கேட்டார்கள். அம்மா தலையாட்டினார். நானும் ஆட்டினேன். அந்த நேரத்தில் ஆட்டாத தலை எது? அப்புறம் நீ பேசவில்லை. இடதுகை விரல்களில் மட்டும் கொஞ்சம் அசைவு மிச்சமிருந்தது.

பார்வையாளர் நேரத்தில் உன் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வாரச் சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் உள்ளங்கையில் உன் விரல் இரண்டுமுறை பட்டது. பேச்சை நிறுத்தினேன். மறுபடி இரண்டு. கண்ணைப் பார்த்தேன். உன் கண் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

தட்டினால் விட்டுவிட வேண்டும், ஏன் எதற்கு என்று கேட்கக்கூடாது. உன் கையை விட்டுவிட்டேன். நான் பிடித்திருந்தது அது ஒன்றைத்தானடா. நீ படுக்கைத் துணிமேல் மறுபடி தட்டினாய்.

டாக்டரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். நரம்பு தானாகவே துடிக்கும், அதற்கு அர்த்தம் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். அப்படியே அர்த்தம் இருந்தாலும், ஓடுகிற மூச்சு இயந்திரத்தை நினைத்தமாத்திரத்தில் நிறுத்திவிட வழியில்லை என்றார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. அம்மாவிடமும் சொன்னேன், வராந்தா நாற்காலியில் வைத்து. தட்டு என்றால் என்னவென்றே அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. ஆயுளெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு கடந்து போனவர் அல்லவா. முழுக்கக் கேட்டார்.

"ஏஞ்சாமி, புடிச்சிருக்கறவங்கதான உடோணும்? அந்த மெசினுதான அவனப் புடிச்சிருக்குது?"

 அவரே தொடர்ந்தார்.

"பெத்தவகிட்ட வந்து கைய உடுன்னு மட்டும் சொல்லாத சாமி."

அதன்பிறகு நான் யாரிடமும் சொல்லவில்லை. தினமும் சாயங்காலம் திருப்பூரிலிருந்து நேரே வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். நீ தட்டுவாய், நான் கையை விடுவேன், துணிமேல் தட்டுவாய், மறுபடி பிடித்துக்கொள்வேன். ஒருவேளை நரம்புதானோ, டாக்டர் சொன்னதுதான் சரியோ என்று நினைத்துத் தேற்றிக்கொள்ளப் பார்ப்பேன். ஒருவேளை நான் கையை விட்டதுதான் உனக்குப் பிடிக்கவில்லையோ, பிடித்துக்கொள் என்றுதான் தட்டினாயோ என்றும் தோன்றும். கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு வழியும் இல்லை. கடைசியில் யாரும் விடவில்லை. மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில் நெஞ்சு தானாக நின்று நீ நழுவிப் போனாய்.

இப்போது காந்திபுரத்தில் கைப்பேசி உறை விற்கிற கடையெல்லாம் கூண்டுச் சண்டைக்காரர்கள் படம் தொங்குகிறது. டவுன் பஸ்ஸில் மல்லுக்கட்டிக் காது நசுங்கிய பையன்கள் ஏறுகிறார்கள். யாரிடம் பழகினீர்கள் என்று கேட்க வாய் வரும், கேட்கமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை நானும் பார்க்கிறேன். திரையில் எவனாவது தட்டினால் என் கை தானாக விரிகிறது. என் மகள் அதைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

சாயங்காலம் அந்தச் சாம்பிளை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். கறி வாங்கிப் போகிற கிழமை இல்லை என்பதால் அம்மா கொஞ்சம் திகைத்துத்தான் கதவைத் திறந்தார். சட்டையைக் கையில் கொடுத்தேன். பிரித்து, கைகளை நீவி, மடிமேல் விரித்தார். இத்தனூண்டா இருக்குதே, எந்த நாட்டுக்குப் போகுது என்று கேட்டார்.

"நம்ம நாட்டுக்குத்தானுங்கம்மா."

சட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பவில்லை. பிறகு ஒரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். தோசை வார்க்கட்டுமா என்று கேட்கவில்லை, உன் பெயரைச் சொல்லவில்லை, அழவும் இல்லை. பிடித்துக்கொண்டே இருந்தார். வெளியே இருட்டிவிட்டது, வீட்டில் தேடுவார்கள், கை மரத்துப்போயிற்று. என் இன்னொரு கை சும்மாதான் இருந்தது.

நான் தட்டவில்லை.