ஐந்து நாள் ஒரே வண்டியில்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்கு ஒரு சண்டை போட்டு, நல்லபடியாக இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சளி, காய்ச்சல் என்று எதுவும் இல்லாமல் இருப்பீர்கள் என்ற நினைப்பிலேயே இதை எழுதுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ "ம், அப்புறம்" என்றாலே எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகிறது. அதோடு, இதை நான் சொல்லி முடிக்கிறவரை நீ குறுக்கே பேசக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை போனில், "பசங்க வரமாட்டோம்னு அடம் பிடிக்கிறாங்கம்மா, டிரிப்பெல்லாம் வேண்டாம், வீட்டுலயே அஞ்சு நாள் இருந்துட்டுக் கிளம்பறோம்" என்றாய். நானும் சரி என்றேன். சரியில்லை. ஆறு வருஷம் கழித்து வருகிறாய். வீட்டில் இருந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பெரியவள் மாடி அறையில் காதில் எதையோ மாட்டிக்கொண்டு படுத்திருப்பாள், சின்னவன் சோபாவில் போனுக்குள் தலையை விட்டிருப்பான், மாப்பிள்ளை சாப்பாட்டு மேசையில் ஆபீஸ் வேலையை விரித்து வைத்திருப்பார், நீ தோழிகளைப் பார்க்க ஓடுவாய், நான் அடுப்படியில் நின்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருப்பேன். ஓடுகிற வண்டியில் இருந்து யாரும் எழுந்து போக முடியாது அல்லவா? அந்த ஆசையில்தான் நீ முன்பே அனுப்பிய பயணப் பட்டியலைப் பிரிண்ட் எடுத்துவந்து பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். ஐந்து நாள், ஒன்பது ஊர், காலை ஐந்தரைக்குப் புறப்பாடு, குளிக்கப் பத்து நிமிஷம். எழுத்துதான் உன்னுடையது, திட்டம் அச்சு அசல் அப்பாவுடையது. பிள்ளைகள் வரமாட்டேன் என்று சொல்லாமல் என்ன செய்யும்? உனக்குப் பதினைந்து, தம்பிக்குப் பன்னிரண்டு வயதில் நாம் போனோமே, அப்பா கம்பெனி பஸ் ஓட்டுகிற மாதிரியே நம் காரையும் ஓட்டினார். ஏழு ஐம்பதுக்கு ஓர் இடம், ஒன்பது இருபதுக்கு அடுத்தது. இரண்டாம் நாள் ஏரியில் காலை நனைத்துக்கொண்டு "இன்னும் கொஞ்ச நேரம்பா" என்று கேட்டாய், அவர் ஹாரனை அடித்தார். அதற்குப் பிறகு இரண்டு நாளும் நீ வாயைத் திறக்கவில்லை. நான் முன் சீட்டில் மடியில் பிளாஸ்க்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கொஞ்ச நேரம் நின்றிருப்பார். சொல்லவில்லை. நேரமாகிறதே என்று நானும்தான் நினைத்தேன். அப்புறம் நீ படிக்கப் போனாய், வேலைக்குப் போனாய், கல்யாணத்துக்கு வந்தாய், லீவுக்கு வந்தாய், நாம் நாலு பேரும் ஒரே வண்டியில் போனது மட்டும் அதுதான் கடைசி. கடைசி என்று அப்போது யாருக்குத் தெரியும்.

இப்போது சொல்ல வந்ததற்கு வருகிறேன். திங்கட்கிழமை, அப்பா புதிதாக வாங்கி வைத்திருக்கும் ரோடு மேப்பை மடித்து வைக்கலாம் என்று எடுத்தேன், உள்ளே ஒரு டாக்டர் சீட்டு இருந்தது. மருந்துக் கடையில் இருபத்திரண்டு வருஷம் நின்றவள் நான், எந்த டாக்டரின் கிறுக்கலும் என்னிடம் தப்பாது. அப்பாவுக்கு இடது கண்ணில் ஓரப் பார்வை குறைந்துவிட்டது, இனி வண்டி ஓட்டக் கூடாது என்று எழுதியிருந்தது. தேதி பார்த்தால் ஒன்றரை மாதம் ஆகிறது. பதறாதே, சொட்டு மருந்து விட்டால் இதற்கு மேல் மோசமாகாது என்று நானே போய் டாக்டரிடம் கேட்டுவிட்டேன். ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டதற்கு, "சொல்லியிருந்தா அவ அப்பவே டிரிப்பை விட்டிருப்பா. மலைப் பாதையில வண்டி ஓட்ட நான் இருக்கேன்னுதானே திட்டமே போட்டா" என்றார். கோபத்தில் அன்றைக்கு அவருக்குக் காபிகூடப் போடவில்லை. முப்பத்தோரு வருஷம் ஐம்பது பேரை வைத்து பஸ் ஓட்டினவர், கேட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு தெருவையே பார்த்து நின்றார். அப்புறம் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை உன் பெரியவள் தானாகவே தாத்தாவுக்குப் போன் செய்தாள், உனக்குத் தெரிந்திருக்காது. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். "தாத்தா, எனக்கு உங்ககூட வர ஆசைதான், அம்மா போட்ட டைம்டேபிள்கூட வர்றதுக்குத்தான் பிடிக்கல" என்றாள். அவர் சிரிக்கத் தொடங்கி, நடுவில் என்ன தோன்றியதோ, கண் விஷயத்தை அவளிடம் சொல்லிவிட்டார். கட்டின பெண்டாட்டியிடம் ஒன்றரை மாதம் சொல்லாததைப் பதினாறு வயசுக்காரியிடம் ஒரே நிமிஷத்தில் சொன்னார். அதற்கு அவள், "அப்ப அம்மா ஓட்டட்டும், நீங்க பின்னாடி என்கூட உக்காருங்க" என்றாள். ஆனால் உன்னிடம் மறைக்கக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டாள். தாத்தாவுக்குச் சொல்ல வாய் வரவில்லை, என்னை எழுதச் சொன்னார். சின்னவனையும் கூப்பிட்டு மூன்று பேருமாக உன் பட்டியலில் நாலு ஊரை அடித்துவிட்டார்கள். புறப்பாடு ஒன்பது மணிக்கு. மூன்றாம் நாள் எங்கே போவது என்று எழுதவில்லை, அன்று காலையில் பிள்ளைகள் சொல்கிற இடம். கோபித்துக்கொள்ளாதே. எனக்கு எந்த ஊராக இருந்தாலும் ஒன்றுதான், நம் தெருவையே ஐந்து நாள் சுற்றி வந்தாலும் நான் உட்கார்ந்திருப்பேன்.

உன் வெளிநாட்டு லைசென்ஸ் இங்கே செல்லுபடியாக வேண்டிய பேப்பரை இப்போதே வாங்கிவிடு, கடைசி நாள்வரை தள்ளிப் போடாதே. சின்னவனுக்கு வாந்தி மாத்திரை நான் வாங்கி வைத்துவிட்டேன். அப்பாவிடம் கண்ணைப் பற்றிக் கேட்காதே. இந்தக் கடிதம் கிடைத்ததும் அவருக்குப் போன் செய்து, "நான் ஓட்டறேம்பா" என்று மட்டும் சொல். அவர் உடனே பதில் பேசமாட்டார். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து வைத்துவிடாதே, காத்திரு.

நீங்கள் நாலு பேரும் நோய் நொடியில்லாமல், மனம் நிறைந்து இருக்க வேண்டும்.

வழியைப் பார்த்துக்கொண்டிருக்கும்
அம்மா