ஆமோதிக்க ஆளில்லாத தீர்மானம்

மச்சான்,

நேற்று விடிய சுபஹு தொழுதுவிட்டு வரும்போது பள்ளிவாசலுக்கு எதிர்ச் சுவரில் ஈரப் பசை மணத்தது. புது நோட்டீஸ். மூன்றாம் தடவையும் அதே பாராளுமன்ற மெம்பர்தான் தேர்தல் கேட்கிறார். நீ அடங்கியிருக்கும் கபுறடிக்கு வந்து சொல்ல எனக்கு முகமில்லை, அதுதான் எழுதுகிறேன்.

அவர் இரண்டாம் தடவை கேட்டபோது பாடசாலை மண்டபத்தில் ஊர்க்கூட்டம் நடந்தது, நினைவிருக்கிறதா? நீ எழும்பினாய். "இந்த முற ஆதரிப்பம். ஆனா பாராளுமன்றத்துல ஆரும் ரெண்டு தடவைக்கு மேல இரிக்கப்படாது. இதுதான் கடைசி எண்டு அவருக்கிட்ட வாக்கு வாங்குவம்."

"நல்ல மனிசன ஏன்டாப்பா எழுப்பப் பாக்காய்?" என்று ஒருவர் கேட்க, மண்டபமே சிரித்தது.

"வயலுக்குத் தண்ணி பங்கிடுற வட்டவிதானையும் நல்லவன்தானே! பொறகு ஏன் கூட்டம் போட்டு ஆள மாத்துறம்? வாய்க்கால் ஒருத்தன்ட வயல் பக்கமே பழகிப்போகும் எண்டுதானே?" என்றாய் நீ.

சிரிப்பு நின்றது. "ஆமோதிக்கிறது ஆரு?" என்றார் தலைவர்.

நான்தான் என்று முதல்நாள் உன் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தேன். ஆனால் மகனின் வாத்தியார் வேலைக்கு மெம்பரிடம் சிபாரிசுக் கடிதம் கேட்டிருந்தேனே! வாயை மூடு என்று அவர் சொல்லவில்லை. நானாகத்தான் மூடினேன். தீர்மானம் அந்த இடத்திலேயே செத்தது.

வெளியே வந்து சைக்கிளை என் பக்கம் திருப்பினாய். "ஏறு மச்சான், வெயில் கொளுத்துது." அவ்வளவுதான். அந்த மாரியில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோகும் வரை அதைப் பற்றி நீ கதைக்கவே இல்லை. யா அல்லாஹ், ஒரு தரமாவது ஏசியிருக்கலாமே! மகன் இப்போது வாத்தியார். அவன் சம்பளச் சோறு எனக்குத் தொண்டையில் நிற்கிறது.

இன்று பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு அதே மண்டபம். நான் எழும்பி, ஆரும் ரெண்டு தடவைக்கு மேல இரிக்கப்படாது என்ற உன் சொல்லை அப்படியே சொன்னேன். ஆமோதிப்பதாக உன் தம்பி நேற்று வாக்குத் தந்திருந்தான். தலைவர் இரண்டு தரம் கேட்டார். அவன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு என்ன கடிதம் வேண்டுமோ, தெரியாது. அந்த மௌனம் எவ்வளவு நீளம் என்று இன்றுதான் அறிந்தேன்.

கூட்டம் கலைந்தபோது அவன் வாசலில் நின்றான். நல்ல வெயில். சைக்கிளை நிறுத்தினேன். 'ஏறு' என்ற ஒரு சொல் எனக்கு வாயில் வரவில்லை. மிதித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

உன்னால் எப்படி மச்சான் முடிந்தது?