பேர் இருந்தால் ஆள் இருக்கணுமாம்

என் நாத்தனாரே, வாயாடி, என் கலைச்செல்விக்கு,

நான் போகப் போகிறேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். அடுத்த வாரம் சென்னையில் அந்த டிசைன் சாஃப்ட்வேர் மாநாடு. போன வருஷம் நீயும் நானும் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தோமே, வருஷா வருஷம் நடக்கும் அதே மாநாடுதான். இந்த வருஷம் நம் வேலையை மேடையில் காட்டச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். வீட்டில் போகாதே என்றார்கள். கூப்பிட்டவர்கள் உன் பேரை எடுத்துவிடு என்றார்கள். இரண்டு பக்கத்துக்கும் நான் சொன்ன பதில் ஒன்றுதான்: முடியாது.

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே என்று எழுத வந்தேன். ஆனால் கோபமாகத்தான் எழுதுகிறேன். காமாலை என்று படுத்தவள், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது என்ன சொன்னாய்? "ரெண்டு நாள்ல வந்துடறேன் அண்ணி. ஃபைலைத் தொட்டுடாதீங்க." வந்தாயா? நான் ஃபைலைத் தொட்டுவிட்டேன், போ. முடிந்தால் வந்து சண்டை போடு.

போன வருஷ மாநாட்டை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஓட்டல் ஏசியில் நடுங்கிக்கொண்டு, துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். பக்கத்தில் கோட்டு போட்ட ஒருவர், எந்த ஊர் என்று கேட்டார். விருத்தாசலம் என்றாய். "அது எங்க இருக்கு?" என்றார் அவர். "உங்க வூட்டு மீட்டர் பொட்டியில இருக்குது சார். தெறந்து பாருங்க, பியூஸ் போடற வெள்ளைக் கட்டை எங்க ஊருதான்" என்றாயே, அந்த மனுஷன் டீ கப்பை வைத்துவிட்டுச் சிரித்தார். எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது. இப்போது அந்த வாயைத்தான் தேடுகிறேன்.

மேடையில் ஒருவர் காரை வரைந்து சுற்றிச் சுற்றிக் காட்டினார். நீ என் காதில் முணுமுணுத்தாய். "காரு நெருப்புல வேகாது அண்ணி. வரைஞ்ச மாதிரியே வந்துடும். நம்மளது வேகுது பாருங்க, நம்ம பாடுதான் பாடு. அடுத்த வருஷம் அங்க ஏறி இதைச் சொல்லணும்." நான் உன் தொடையில் கிள்ளி, பேசாமல் இரு என்றேன்.

உனக்குத் தெரிந்த கதைதான், படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஜங்ஷன் ரோட்டு மாடி ரூமில் இரண்டு கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இருக்கிற பீங்கான் கம்பெனிகளுக்கு அச்சு வரைந்து கொடுத்தோம். ஒரு கம்பெனிக்காரர் அகலமான வாஷ்பேசின் கேட்டார். நாம் நேராகத்தான் வரைந்தோம். சூளையில் வெந்து வரும்போது விளிம்பு தொங்கிப் போய் வந்தது. மறுபடி வரைந்தோம், மறுபடி தொங்கியது. மண்ணைக் குறை சொன்னார்கள், சூளையைக் குறை சொன்னார்கள், கடைசியில் நம்மையும் சொன்னார்கள்.

நீதான் ஒரு நாள் எழுந்து நின்று சொன்னாய். "சூளை கீழ இழுக்குதுன்னா நாம மேல தூக்கி வரைவோம் அண்ணி. அது எவ்ளோ இழுக்குதோ அவ்ளோ தூக்குவோம். கோணலா வரைஞ்சா நேரா வரும்." உனக்குப் பைத்தியமா என்றேன். கம்பெனிக்காரரும் அதைத்தான் கேட்டார். நீ கேட்கவில்லை. வெந்து வந்த பேசின் ஒவ்வொன்றையும் நான் அளந்து சொல்வேன், நீ திரையில் வளைவை மாற்றுவாய். கத்தி, கோபித்துக்கொண்டு, சாப்பாட்டை மறந்து எத்தனை தடவை செய்தோம்! கடைசியில் ஒரு பேசின், ஸ்கேல் வைத்தாலும் இடுக்கு தெரியாமல், நேராக வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு நீ எஸ்டேட்டுக்குள் ஓடியதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அந்த வேலையைத்தான் எழுதி மாநாட்டுக்கு அனுப்பினேன். உன் பேர், என் பேர், இரண்டும் போட்டேன். நீ இல்லை என்பதை அதில் எழுதவில்லை. ஏன் எழுத வேண்டும்? வேலை செய்தவர்கள் யார் என்று கேட்டார்கள், சொன்னேன். தேர்வாகிவிட்டது என்று மெயில் வந்த அன்று, யாரிடம் முதலில் சொல்வது என்று தெரியாமல் பிரவுசிங் சென்டர் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டில் சொன்னேன். உன் அண்ணனைப் பற்றி உனக்குத் தெரியும், "நீயும் அம்மாவும் பேசிக்கங்க" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். உங்கம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கை நின்றுவிட்டது.

"எம்பொண்ணு போயி வருஷம் திரும்பல. அதுக்குள்ள நீ மைக்கு புடிக்கப் போறியா? தீவாளிக்குப் பலகாரம் சுடல, பொங்கலுக்குக் கோலம் போடல. இப்ப மட்டும் மேடை கேக்குதா? நாலு பேரு என்னா பேசுவாங்க?"

"நாலு பேரு நம்மளைப் பத்தி எதைத்தான் பேசல அத்தை? அவளுக்குக் கல்யாணம் ஆகலன்னும்தான் பேசனாங்க. இது அவ வேலை. வருஷத்துக்கு ஒரு தடவைதான் நடக்குது. உட்டா போச்சு."

"போச்சுன்னா போவட்டும்."

அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார். சோறு போட்டுத் தட்டை என் பக்கம் தள்ளுவார், அவ்வளவுதான். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. டிக்கெட் எடுக்கத்தான் போகிறேன் என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனால் ஒன்று சொல்கிறேன் கலை, அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பெற்ற வயிறு எதையாவது பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். அவர் அந்த வருஷக்கணக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு கூத்து கேள். வருஷம் திரும்பியதும் உன்னைப் பூவாடைக்காரியாகக் கும்பிடுவதென்று பங்காளிகள் பேசி முடித்துவிட்டார்கள். கன்னியாகப் போனவள் குடும்பத்துக்குச் சாமியாம். புதுப்புடவை, பூ, படையல் எல்லாம் உண்டு. "அவளுக்குப் புடவைன்னாலே ஆவாது, சுடிதார் வைங்க" என்றேன். "சாமிக்கு எவளாவது சுடிதார் வப்பாளா?" என்று கம்மாபுரத்துப் பெரியப்பா குதித்தார். உயிரோடு இருந்தபோது நீ கம்ப்யூட்டரில் என்ன பண்ணுகிறாய் என்று ஒரு நாள் கேட்டிருப்பாரா அவர்? உன்னைச் சாமி என்று ஒத்துக்கொள்கிற இவர்களுக்கு, வேலை தெரிந்தவள் என்று ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. எனக்குச் சாமி வேண்டாம். என்னோடு வேலை பார்த்தவளின் பேர் வேண்டும்.

அப்போதுதான் அந்த போன் வந்தது. மாநாட்டு ஆபீஸிலிருந்து ஒரு தம்பி, நல்ல மாதிரியாகத்தான் பேசினார். அடையாள அட்டைக்கு இரண்டு பேர் போட்டோவும் வேண்டும் என்றார். உன்னைப் பற்றி அப்போதுதான் சொன்னேன்.

"ரொம்ப சாரி மேடம். அப்படின்னா உங்க பேர் மட்டும் போட்டுக்கறோம். ரூல் அப்படி. பேர் இருந்தா மேடையில ஆள் இருக்கணும். வேணும்னா கடைசி ஸ்லைடுல அவங்க போட்டோ வச்சு அஞ்சலி போட்டுக்கங்களேன்."

"அஞ்சலியை எங்க வூட்டுல போட்டுக்கறோம் சார். அங்க நான் காட்டறது அவ வேலை. நான் மட்டும் செஞ்சேன்னு எப்படிச் சொல்றது? அவ பேர் இல்லாம என் பேரும் வேணாம்."

"கொஞ்சம் பிராக்டிகலா யோசிங்க மேடம்…"

சமையலறை வாசலில் உங்கம்மா நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. இத்தனை நாளாகப் பேசாதவர், "என்னாடி சொல்றான்?" என்று கேட்டார். "கலை பேரை எடுத்துடணுமாம் அத்தை" என்றேன். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, என் கையிலிருந்த செல்போனைப் பிடுங்கிவிட்டார். தலைகீழாகப் பிடித்திருந்தார், நான் திருப்பிக் கொடுத்தேன்.

"தம்பி, நான் கலைச்செல்வியோட அம்மா பேசறேன். ரேஷன் கார்டுல எம்பொண்ணு பேரை அடிச்சிட்டாங்க. ஓட்டு லிஸ்டுல எடுத்துட்டாங்க. அது கவர்மெண்டு, நான் என்னா பண்ண முடியும்? ஆனா அவ வரைஞ்சது வரைஞ்சதுதானே? அதுவுமா செத்துப் போச்சு?"

அந்தத் தம்பி ஏதோ மென்று விழுங்கினார். ரூல் என்றார், பேர் இருந்தால் ஆள் என்றார்.

"ஆளுதானே வேணும்? நான் வரேன். அவளுக்குப் பதிலா பெத்தவ நிக்கறேன். நான் நின்னா ஆவாதா? சொல்லுங்க தம்பி."

மேலே கேட்டுவிட்டுச் சொல்கிறேன் அம்மா என்று அவர் வைத்துவிட்டார். அத்தை போனை என்னிடம் நீட்டினார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். "என்னாடி பாக்கற? எனக்கும் சேத்து டிக்கெட் போடு" என்றார். வருஷம் திரும்பவில்லையே அத்தை என்று கேட்டேன், வேண்டுமென்றேதான் கேட்டேன். "வருஷம் அது பாட்டுக்குத் திரும்பும். நான் எம்பொண்ணுக்காகப் போறேன். எவன் கேக்கறான்னு பாக்கறேன்" என்றார். அப்புறம் இரண்டு பேரும் அழுதோம். உன் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னவர்கள் இன்னும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் போகட்டும். நாங்கள் காத்திருக்கவில்லை. மேடையில் காட்ட இரண்டு பேசின் எடுத்துப் போகிறோம், நேராக வரைந்து தொங்கிப்போனது ஒன்று, கோணலாக வரைந்து நேராக வந்தது ஒன்று. இரண்டாவதை இதற்கென்றே புதிதாக வார்க்கச் சொன்னேன். சூளைக்குப் போகும் முன் பீங்கான் வர்ணம் வாங்கி, உன் பேரையும் என் பேரையும் எழுதப் போனேன். அடியில் எழுதலாம் என்று கவிழ்த்தேன். கூட வந்த அத்தை விடவில்லை. "அடியில எதுக்கு? எவன் கவுத்துப் பாக்கப் போறான்? முன்னால எழுது, பெருசா எழுது" என்றார். விளிம்பிலேயே எழுதினேன், உன் பேர் முதலில்.

நேற்று வெந்து வந்தது. கறுப்பு எழுத்து, பளபளவென்று. லிஸ்டில் அடிக்கட்டும், ஸ்லைடில் எடுக்கட்டும், இனி இதிலிருந்து உன் பேரை எடுக்க வேண்டுமென்றால் பேசினை உடைக்க வேண்டும். அது நம் ஊர் சரக்கு, லேசில் உடையாது.

வைக்கோல் சுற்றி, சாக்கில் கட்டியாகிவிட்டது. ஓட்டலில் வைக்கோல் கொட்டக்கூடாது என்பார்கள். கொட்டும், பெருக்கிவிட்டு வருவோம். நான் இங்கிலீஷில் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன், தடுக்குகிற இடத்தில் தமிழில் சொல்லிவிடுவேன், புரிகிறவர்களுக்குப் புரியும். உங்கம்மா எதிரே உட்கார்ந்து கேட்கிறார். "நான் என்னா சொல்லணும்?" என்று நேற்று கேட்டார். ஒன்றும் சொல்ல வேண்டாம், நின்றால் போதும் என்றேன். "சும்மா நிக்கறதுக்கா ரயிலேறி வரேன்? இது எம்பொண்ணு வரைஞ்சதுன்னு சொல்லுவேன்" என்றார். சொல்லட்டும். அதைவிடப் பெரிதாகச் சொல்ல எனக்கும் ஒன்றும் இல்லை.

இவ்வளவு வீம்பாக எழுதுகிறேனே, பயம் இல்லை என்று நினைக்காதே. இருக்கிறது. விளக்கு என் முகத்தில் விழும்போது திரும்பிப் பார்த்தால் நீ இருக்க மாட்டாய். பாதியில் மறந்துபோனால் என்ன செய்வேன்? யார் என்னைக் கிள்ளிப் பேசச் சொல்வார்கள்?

ஆனாலும் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். மேடையில் முதலில் உன் பேரைச் சொல்வேன், அப்புறம்தான் என் பேர். வளைவு உன்னுடையது, அளவுதான் என்னுடையது என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்வேன். மைக்கை அணைத்தால் கத்திச் சொல்வேன். அழக்கூடாது என்று இருக்கிறேன். அழுதாலும் நிறுத்த மாட்டேன்.

உன்னோடு போட வேண்டிய சண்டையெல்லாம் பாக்கி வைத்திருக்கும்,
உன் அண்ணி
மல்லிகா