உரிமையாளர் இல்லாத சிரிப்பு

பிப். 17, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். எண்ணூர்ப் பக்கமிருந்து காற்றில் அழுகின முட்டை வாடை. ஜன்னலைச் சாத்தியாச்சு.

வேலைகள்: கட்டுரை 2ஆம் பகுதி. மீம்களுக்கு எண் போட. கேஸ் புக் பண்ண. செருப்பு தைக்க (மூன்றாவது வாரமாக).

கருத்தரங்கு மார்ச் 6. தலைப்பை ஏற்றுக்கொண்டார்கள்: 'அபத்த அரசியல் மீம்களும் விளிம்பின் நகைப்பும்: ஃபேன் அக்காவை முன்வைத்து'. எதையாவது முன்வைத்தால்தான் கட்டுரை. கௌரவ விரிவுரையாளர் வேலை நிரந்தரமாக இந்த மாதிரி நாலு வேண்டுமாம்.

இன்று சேர்த்தவை:

1. அக்கா கடலுக்கு நேரே டேபிள் ஃபேன் பிடிக்கிறாள். கடல் வற்றிக் கப்பல் மண்ணில் நிற்கிறது. மேலே 'வளர்ச்சி'.
2. கூட்டணி முறிந்து அழுகிற தலைவர். எதிரில் அக்கா, ஃபேன். 'அல்லாம் காஞ்சிரும் சார்.'
3. நிலாவில் ஃபேன். காரணம் கிடையாது. இதற்குத்தான் லைக் அதிகம்.

தேர்தல் வாசனை வந்ததும் மறுபடி கிளம்பிவிட்டது. ஆளுகிறவர்கள், எதிர்க்கிறவர்கள், இரண்டு பேரையும் திட்டுகிறவர்கள், எல்லோருக்கும் அதே அக்கா. மூல வீடியோ பதினோரு நொடி. வெள்ளத்தில் நிற்கும் பெண்ணிடம், பார்வையிட வந்த வெள்ளைச் சட்டைக்காரர், "அரசாங்கத்துகிட்ட என்னம்மா எதிர்பார்க்குறீங்க?" என்கிறார். அவள், "ஒரு ஃபேனு குடு சார். அல்லாம் காஞ்சிரும்." பின்னால் ஒரு ஆள் விழுந்து விழுந்து சிரிக்கிறான். அவ்வளவுதான்.

எழுதியது: 'ஃபேன் ஒரு வெற்றுக் குறி. எவரும் தம் பொருளை அதில் மாட்டிவிடலாம். பேரிடர் நடுவே எழும் இந்தப் பொருந்தாக் கோரிக்கை அரசின் பகுத்தறிவையே பகடி செய்கிறது.' நன்றாக வந்திருக்கிறது. திரும்பப் படிக்காமல் மூடி வைத்தேன். டீ போட்டேன்.

ஃபேன் அக்கா எனக்கு அடுத்த வீடு. கஸ்தூரி அக்கா. எர்ணாவூர்க் குடியிருப்பில் ஒன்பது வருடமாக எங்களுக்கு நடுவே ஒரே சுவர். இது கட்டுரையில் இல்லை.

பிப். 19, வியாழன்

க. அக்கா வந்தாள். சாத்தாங்காட்டில் லாரிக்காரர்களுக்கு இட்லி விற்றுவிட்டு நேராக. கையில் ஒரு பார்சல் எனக்கு. எப்போதும் போல.

"தம்பி, ஒரு மனு எய்தணும். சைபர் போலீசுக்கு."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"பொண்ணு நித்யா ஒம்பது நாளா காலேஜிக்குப் போவல. டிபன் பாக்ஸ மறந்துட்டா, நான் கேட்டாண்ட போய்க் குட்த்தேன். எவளோ என் மூஞ்ச பாத்துட்டா. அன்னிக்கே கிளாஸ் குரூப்ல என் ஸ்டிக்கர். வார்டுல பேஷண்டுக்கு வேர்க்குதுன்னா கூட, உங்கம்மாவ கூப்டுன்றாளுங்களாம். என்னை இன்னா வேணா சொல்ட்டும். லாரிக்காரனுங்க சொல்லாததா. அது நர்சு படிக்கணும் தம்பி."

எழுதினேன். வேறென்ன செய்வது. 'அடையாளம் தெரியாத நபர்கள் எனது காணொளியைத் திரித்து.' பேனா நிற்கவே இல்லை, அதுதான் ஆச்சரியம். அவளுக்குப் படிக்க வராது. உரக்கப் படித்துக் காட்டினேன்.

"அந்த வரிய இன்னொரு தபா படி."

"அடையாளம் தெரியாத நபர்கள் எனது காணொளியை..."

"ம்."

மடித்து ஜாக்கெட்டில் வைத்துக்கொண்டு போனாள். இட்லியைத் தொடவில்லை. பிறகு சாப்பிட்டேன், நாலும்.

பிப். 20, வெள்ளி

எழுதிவிடுகிறேன். இதை யாரும் படிக்கப் போவதில்லை.

வீடியோ எடுத்தவன் நான். டிசம்பர் மழை, தரைத்தளத்தில் முழங்கால் வரை கறுப்புத் தண்ணீர். நான் மாடிப்படியில் உலர்ந்த இடமாகப் பார்த்து நின்று எடுத்தேன். முழுசாக ஒரு நிமிடம் நாற்பது நொடி. இன்னும் போனில் இருக்கிறது. அதில் அவள் முதலில் சொல்வது:

"பொண்ணோட மார்க் சீட்டு, சாதி சர்டிபிகேட்டு, அல்லாம் ஊறிக் கீது சார். நர்சிங்குக்கு திங்கக்கெயம அசலு காட்டணுமாம். கரண்டு வந்துச்சு, எங்கூட்டு ஃபேனு நனைஞ்சு பூட்ச்சு, ஓடல."

அதற்குப் பிறகுதான் கேள்வி. பிறகுதான் ஃபேன். பைத்தியக்காரத்தனமான கோரிக்கையே இல்லை. அன்றைக்கு அந்த இடத்தில் பேசப்பட்டதிலேயே உருப்படியான ஒரே வாக்கியம்.

சிரித்தவனும் நான்தான். சட்டென்று வந்துவிட்டது. அதோடு விட்டேனா? முன்பகுதியை வெட்டி நண்பன் இலியாசுக்கு அனுப்பினேன். கீழே 'முடியல மாமு' என்று வேறு.

இன்னும் ஒன்று பாக்கி. தண்ணீர் ஏற ஆரம்பித்தபோது அவள்தான் என் புத்தகப் பெட்டிகளை மாடிக்குத் தூக்கினாள். மூன்று பெட்டி, மூன்று நடை. "படிக்கிற புள்ள பொஸ்தகம், நனைஞ்சா பாவம்" என்றாள். இறங்கி வந்தபோது சர்டிபிகேட் எல்லாம் வைத்திருந்த அவள் வீட்டு ட்ரங்குப் பெட்டி மிதந்துகொண்டிருந்தது. அந்தப் புத்தகங்களைத்தான் கட்டுரையின் அடிக்குறிப்பில் அடுக்கியிருக்கிறேன். பதினேழு மேற்கோள்.

பிப். 22, ஞாயிறு

கல்மண்டபம். இலியாஸ் கடை அடைத்திருந்தான், டீக்கடையில் பிடித்தேன். பழைய தோஸ்து, வண்ணாரப்பேட்டையில் ஜவுளி, ஓய்வு நேரத்தில் மீம் பக்கம்.

"அந்த வீடியோவ எட்த்துடேன்" என்றேன்.

"நான் எட்த்தா? ஊரு பூரா கீது மாமு. நீ அனுப்சே, நான் தலைப்பு போட்டேன், அவ்ளோதான். சிரிப்ப கட் பண்ணிப் போடலாம்னு கூட பாத்தேன். அது இல்லன்னா வீடியோ செத்துப் பூடுது."

"முழு வீடியோ போடு அப்ப."

"போடலாம். அன்னிக்கே உன் போன்ல பாத்தேனே, அதுல உன் குரலும் கீதே? 'அக்கா இந்தாண்ட திரும்ப மாட்டேன்றாளே'ன்னு முணுமுணுக்கறே. பரவால்லியா?"

டீ ஆறிப்போயிருந்தது. பிறகு பார்க்கலாம் என்றேன். அவன் தோளைத் தட்டினான். தட்டாமல் இருந்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்து 3ஆம் பகுதி எழுதினேன். இது எப்படி என்று எனக்கே புரியவில்லை. துணைத்தலைப்பு: 'உரிமையாளர் இல்லாத சிரிப்பு'. 'காணொளியில் ஒலிக்கும் சிரிப்புக்கு முகமில்லை. அது ஒருவருடையதல்ல. கூட்டு நனவிலியின் வெடிப்பு.'

கூட்டு நனவிலிக்கு வீட்டு எண் உண்டு.

பிப். 26, வியாழன்

கேஸ் வந்தது. செருப்பு அறுந்தேவிட்டது.

நித்யாவைத் தண்ணீர்க் குழாயடியில் பார்த்தேன். துப்பட்டாவைத் தலையில் போட்டு முகம் பாதி மூடி. நம் குழாயடியிலேயே. "காலேஜ் எப்போ?" என்று கேட்டேன். "பாக்கலாம் சார்." குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

டிசம்பரில் அந்த மார்க் சீட்டைக் கடைசியில் இட்லிக் குண்டான் மூடி மேல் பரப்பிக் காயவைத்தார்கள். அப்பளம் மாதிரி அலை அலையாகிவிட்டது. புகைப்படம் போச்சு, முத்திரை தப்பியது. அதைக் காட்டித்தான் சீட்டு வாங்கினாள். எனக்கும் கொண்டுவந்து காட்டினாள், ஒரு லட்டோடு.

சில நாளாக வீட்டில் டிவி போடுவதில்லை. போட்டால் சிரிப்பு வந்துவிடுகிறது.

மார்ச் 6, வெள்ளி

கருத்தரங்கு. ஏசி ஹால், சால்வை, பொன்னாடை, முந்திரி பிஸ்கட்.

கட்டுரைக்கு நல்ல வரவேற்பு. பதினோரு நொடியைப் பெரிய திரையில் போட்டார்கள். கூரையிலிருந்து என் சிரிப்பு. அரங்கமும் கூடவே சிரித்தது. நானும் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். தலைவர் 3ஆம் பகுதியைத் தனியாகப் பாராட்டினார், இதழில் போடலாம் என்றார்.

கேள்வி நேரம். கடைசி வரிசையில் ஒரு மாணவி. "சார், அந்தம்மா எதுக்கு ஃபேன் கேட்டாங்க?"

தெரியும். உலகத்தில் நாலைந்து பேருக்குத்தான் தெரியும், நான் ஒருவன். ஒரு நிமிடம் நாற்பது நொடி சட்டைப் பையிலேயே இருந்தது.

"அது இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே உள்ளது" என்றேன்.

அவள் எழுதிக்கொண்டாள். அதை ஏன் எழுதிக்கொண்டாள்?

பஸ்ஸில் திருவொற்றியூர் வரை நின்றுகொண்டே வந்தேன். சால்வையைப் பைக்குள் அமுக்கினேன். அசிங்கமாக இருந்தது.

மார்ச் 8, ஞாயிறு

வெயில். மதியம் போனேன். கஸ்தூரி அக்கா ஊறின உளுந்தைக் களைந்துகொண்டிருந்தாள். நித்யா உள்ளே பாயில். போனைத் தரையில் வைத்து முழு வீடியோவையும் போட்டேன்.

கை ஈரத்தோடு பார்த்தாள். மார்க் சீட்டு, சாதி சர்டிபிகேட், திங்கட்கிழமை. ஃபேன். சிரிப்பு. முடிந்தது.

"நான்தான் எடுத்தேன், அக்கா. வெட்டி அனுப்பினதும் நான்தான். சிரிச்சதும்."

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"அன்னிக்கே. நடுல ஒரு செவுரு. நீ டிவி பாத்து சிரிக்கறத கேட்டுகினே தான் டெய்லி மாவாட்றேன். உன் சிரிப்பு எனக்குத் தெரியாதா?"

"அப்ப எதுக்கு எங்கிட்ட வந்து மனு..."

"நீயே சொல்லுவேன்னு பாத்தேன். அடையாளம் தெரியாத நபருன்னு எய்தினே. சரி, கை தவறிட்ச்சின்னு இன்னொரு தபா படிக்கச் சொன்னேன். ரெண்டு தபாவும் அதே தான் படிச்சே."

திட்டவில்லை. திட்டியிருக்கலாம். உளுந்தை இன்னும் இரண்டு தண்ணீர் களைந்தாள்.

பிறகு அரிசி டப்பாவைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். என் கையெழுத்து. மனு அப்படியே இருந்தது. கொடுக்கவே இல்லை.

"இத்த இன்னா பண்றது? வேற எய்து. பேரு போட்டு."

நித்யா எழுந்து வந்தாள். காலேஜ் நோட்டில் நடுப் பக்கம் ஒன்றைக் கிழித்து, பேனாவோடு என் முன்னால் வைத்தாள்.

தரையில் வைத்து எழுதினேன். என் பெயர், தகப்பன் பெயர், வீட்டு எண், வேலை. நித்யா வாங்கி நின்றபடியே உரக்கப் படித்தாள். என் பெயர் வந்தது.

அக்கா நிமிராமல், "அந்த வரிய இன்னொரு தபா படி" என்றாள்.