அந்தத் திருகாணியை யாரும் தொடக்கூடாது

என் செல்லச் செலினே,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. ஆய்வகத்தில் எல்லோரும் சுகம். நான் மட்டும் நன்றாகப் பொய் சொல்லப் பழகியிருக்கிறேன். அந்தக் கதையை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

ஒரு பொருளின் உள்ளமைப்பைத் திரையில் கோடுகளாகக் காட்டும் நம் என்.எம்.ஆர். இயந்திரத்தில், தூள் அடைத்த சிறு குழல் ஐம்பத்துநான்கே முக்கால் டிகிரி சாய்ந்து சுழன்றால்தான் கோடுகள் கூர்மையாக வரும். சாய்வை மாற்றும் திருகாணி காந்தத்துக்கு அடியில். சாய்வைச் சரிபார்க்கப் பொட்டாசியம் புரோமைடைச் சுழலவிட்டு நீ மல்லாந்து படுத்துத் திருகுவாய். நான் திரையைப் பார்ப்பேன்; அலையில் எழும் முட்கள் கடைசிவரை நீண்டால் கோணம் சரி.

"ஏட்டி, வந்தா?"

"கொஞ்சம் இடது பக்கம்."

"எனக்க இடதா, உனக்க இடதா?"

மூன்று வருடமும் இதே சண்டை!

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாளும் நீதான் திருகினாய். அப்புறம் திரும்பி வரவே இல்லை. உன் கை கடைசியாக வைத்த கோணம் அது. அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டி, யாரையும் தொடவிடாமல் பார்த்துக்கொண்டேன்.

எந்தத் தூளைப் போட்டாலும் கோடுகள் தடித்தே வந்தன. திருகாணியைத் திருப்பினால் சரியாகும் என்று தெரிந்தும் நான் தொடவில்லை. சார் கேட்டார். "தூளில் ஈரம் சார்" என்றேன். எல்லாவற்றையும் உலர்த்தச் சொன்னார். உலர்த்தியதும் நான்தான். அடுத்த முறை கரண்ட்மேல் பழி போட்டேன். மார்த்தாண்டத்திலிருந்து வரும் ஆராய்ச்சி மாணவி ஜெபா தன் கண்ணாடித் தூளை மூன்று முறை புதிதாகச் செய்தாள். மூன்றாவது முறை, "நான் என்னக்கா தப்பு செய்தேன்?" என்று அழுதேவிட்டாள்.

அதைப் பார்த்த மரியதாசன் அண்ணன், நம் கம்ப்ரசரைக் கவனிக்கிற உன் ஊர் கடியப்பட்டணத்துக்காரர், என்னைத் தனியே கூப்பிட்டார்.

"மக்கா, ஒரு காரியம் சொல்லுவேன். வையப்பிடாது."

"சொல்லுங்கண்ணே."

"செலின் ஆஸ்பத்திரிக்குப் போன மறுநாளு அடியில தூத்தேன். தொடப்பக்கட்டை இடிச்சு அந்த ஆணி நல்லா திரும்பிட்டு. வைவியோன்னு பேடிச்சு சொல்லல்ல. நீ பிளாஸ்திரி ஒட்டுனப்பம், கண்டுபிடிச்சிட்டியோன்னு நெனச்சேன்."

செலின், ஏழு மாதமாக நான் காவல் காத்தது ஒரு துடைப்பக்கட்டை வைத்த கோணத்தை! விழுந்து விழுந்து சிரித்தேன். சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. பாவம், அண்ணன் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

பிளாஸ்திரியைப் பிய்த்துவிட்டு, முதல்முறையாக நான் அடியில் படுத்தேன். திரைக்கு முன்னால் அண்ணன்.

"வாளை மீனு முள்ளு கணக்கா இருக்கு மக்கா. நீளுது... நீளுது... ஐயோ, கொறஞ்சிட்டு!"

மெல்லப் பின்னால் திருப்பினேன்.

"இப்பம் கடைசி வரைக்கும் முள்ளு போவுது. கைய எடு!"

எடுத்தேன்.

ஜெபாவின் தூளை மறுபடி போட்டுப் பார்த்தோம். அவள் முதலில் செய்ததே சரியாகத்தான் இருந்திருக்கிறது. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "அக்கா, நானும் செத்துப்போன எங்க சித்திக்க போட்டோவ அலமாரியில இருந்து நகத்தவே விடமாட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

சாரிடம் நாளைக்குச் சொல்கிறேன். இனி வாரத்துக்கு ஒருமுறை நானே படுத்துத் திருகுவேன். நீ வைத்த இடத்தில் அல்ல, கோடு கூர்மையாகிற இடத்தில் நிறுத்துவேன். சத்தியம்.

உன் கூடப்பிறக்காத தங்கச்சி,
தோவாளை நீலா