கான்சல் இல்லாத நாடு

கிரிம்ஸ்டாட், 1905 ஜூன் 18, ஞாயிறு

இன்று ஜெபத்தில் பாதிரியார் பழக்கதோஷத்தில் "எங்கள் மன்னரைக் காத்தருளும்" என்று ஆரம்பித்துவிட்டார். ஸ்வீடனோடு பொதுவாக வைத்திருந்த ராஜாவைத்தான் பதினோரு நாளுக்கு முன்பு வேண்டாமென்று சொல்லிவிட்டோமே! பாதியில் நிறுத்தி, இருமி, "இப்போது எங்களை ஆள்கிறவர்கள் யாரோ அவர்களையும்" என்று ஒருவழியாக முடித்தார். சிரிப்பை அடக்கவே முடியவில்லை.

ஜூலை 3

சிரித்ததெல்லாம் போதும். கப்பல் வேலைக்குப் போன என் கணவர் தாரால்ட் பாய்மரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து, இங்கிலாந்து ராஜாவின் துறைமுகமான கார்டிஃப்பில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாராம். கப்பல் கிளம்பிவிட்டது. இனி அவரைப் பார்த்து ஊருக்கு அனுப்ப வேண்டியவர், நாட்டின் சார்பில் அங்கே இருக்கிற அதிகாரியான கான்சல்தான். அவரோ ஸ்வீடன்காரர், இதுவரை இரண்டு நாட்டு மாலுமிகளுக்கும் பொறுப்பு. இப்போது எங்களுக்கு அவர் யார்? நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

ஆகஸ்ட் 12

ஸ்வீடனைவிட்டுப் பிரிவதா வேண்டாமா என்று நாளை ஆண்கள் ஓட்டுப் போடுகிறார்கள். பெண்களுக்கு ஓட்டு இல்லை. அதனால் நாங்கள் "பிரிவோம்" என்று தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிறோம். என் பங்கு ஐந்து தெரு. வாசலுக்கு வாசல் கேள்வி.

"சண்டை வருமா?"

"என் தங்கச்சிய ஸ்வீடன்ல கட்டிக் குடுத்திருக்கு. அவளப் பாக்கப் போனா எல்லைல நிறுத்துவாங்களா?"

தெரியாது, தெரியாது என்றே சொன்னேன். ஆனாலும் போட்டார்கள்.

ஆகஸ்ட் 15

தாரால்டின் அக்கா தூர்போர்க் தாளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "ஊர்ப் பொம்பளைங்க பேரெல்லாம் இருக்கு. உன் பேரு எங்கடி?"

"கடைசியாப் போடலாம்னு, அண்ணி..."

"பொய் சொல்லாதே. என் தம்பி அங்க நாதியத்துக் கிடக்கான்னு உனக்கே பயம். அப்புறம் என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டு எங்கிட்டக் கேக்க வந்தே?"

உண்மைதான். பயம்தான். நான் போட்டால் அவரைக் கைவிட்டதாகிவிடுமோ?

ஆகஸ்ட் 17

போட்டுவிட்டேன். பழைய கான்சல் எப்படியும் இனி எங்களவர் இல்லை. எங்களுக்கென்று ஒருவர் வேண்டுமென்றால் எங்களுக்கென்று நாடு வேண்டும். மை காயும்வரை ஊதிவிட்டேன்.

செப்டம்பர் 14

கடிதம் இல்லை. எல்லையில் இரண்டு பக்கமும் பட்டாளமாம்.

அக்டோபர் 9

தாரால்டின் கடிதம்! சண்டை இல்லாமல் சமாதானம் பேசி முடித்த பிறகு வந்த முதல் நல்ல செய்தி.

அந்த ஸ்வீடன்காரக் கான்சல் வாரம் தவறாமல் ஆஸ்பத்திரிக்கு வந்தாராம். "இப்ப நீ என் பொறுப்பா இல்லையான்னு எனக்கே தெரியலப்பா. உன் கால் என்ன, நாடு பாத்தா முறிஞ்சுது?" என்று சொல்லி, நம்மூர் மரக்கப்பல் ஒன்றில் இடமும் பேசி வைத்திருக்கிறார். பெயர்கூடத் தெரியாத அந்த மனிதரை நினைத்து அழுதேன். வெட்கமாகவும் இருந்தது. ஸ்வீடன்காரர்களை நான் என்னவெல்லாம் திட்டினேன்!

நவம்பர் 12, ஞாயிறு

தாரால்ட் வியாழனன்று வந்து சேர்ந்தார். இளைத்துவிட்டார், வாய் மட்டும் இளைக்கவில்லை. இன்று மறுபடி ஓட்டு: எங்களுக்கென்று புது ராஜாவா, குடியரசா? ஊன்றுகோலோடு என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். தூர்போர்க் அண்ணியும் கூட வந்தாள்.

"இத்தன மாசமா ஊர்ல இருந்தவ நீதான். என்ன போடட்டும்?" என்று என்னிடம் கேட்டார்.

"ராஜாவே வரட்டும். வரப்போறவருக்கு மாமனார் இங்கிலாந்து ராஜாவாம். கார்டிஃப்ல நம்ம கான்சல் வைக்க யாரு தடுப்பா?"

தெருவே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். ஓட்டுச் சாவடி வாசலைத் தாண்டிப் பெண்களான எங்களை விடவில்லை. குளிரில் நின்றோம். கொஞ்ச நேரத்தில் அவர் நொண்டிக்கொண்டே வெளியே வந்தார்.

"நீ சொன்னபடியே போட்டுட்டேன். போதுமாடி?"

"போதாது. அடுத்த தடவை என் ஓட்ட நானே போடணும்" என்றேன்.

அண்ணி தலையாட்டினாள். அவள் என் பக்கம் சேர்ந்தது இதுதான் முதல் தடவை.