ஈர்க்குப் பாலம்

கார்த்திகை 4, வியாழன்

காலையிலிருந்து தூறல். வேட்டி ஓரமெல்லாம் கரிசல் சேறு. பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாயிற்று.

நாலாம் பாரத்துக்கு விசையும் எடையும் நடத்தவேண்டும். போன வருஷம் பலகையில் படம் போட்டு நடத்தினேன், தூங்கினார்கள். இந்தத் தடவை வேறு மாதிரி. வகுப்பில் சொல்லிவிட்டேன். இருவர் இருவராகச் சேர்ந்து ஜோடிக்கொரு பாலம் கட்டவேண்டும். சாமான்: தென்னை ஈர்க்கு, நூல், பசை. வேறு எதுவும் கூடாது. இரண்டு பெஞ்சுக்கு நடுவே ஒரு முழம் இடைவெளி. பாலத்தின் நடுவில் வாளியைத் தொங்கவிட்டு ஒடியும்வரை மணல் போடுவது. அதிகம் தாங்குகிறவர்களுக்கு ஜெயம். போட்டி அடுத்த வாரம் சனிக்கிழமை.

பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "ஈர்க்கு எப்பிடி சார் வாளியத் தாங்கும்? வளைஞ்சுரும்லா?"

எனக்கும் தெரியாது என்றேன். வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆசிரியருக்குத் தெரியாத ஒன்று என்றால் அவ்வளவு சந்தோஷம்!

கோமதி புளியங்குடியிலிருந்து வந்து ஒரு வாரம் ஆகிறது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனவள் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறாள். பிள்ளை பிறந்து ஒரு பகல்கூடத் தங்கவில்லை. அவள் ஜன்னி கண்டு நினைவில்லாமல் கிடந்த நேரம். அவள் கண் விழித்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. "அவகிட்ட அதப் பத்தி ஒண்ணும் பேசிராதிய மாப்பிள. பேசாம விட்டா மறந்துருவா" என்றாள் அத்தை. நான் பேசவில்லை. அவளும் பேசவில்லை. அதை மட்டுமல்ல, எதையுமே. சோறு போடட்டுமா, விளக்கு ஏத்தட்டுமா. அவ்வளவுதான் எங்கள் வீட்டுப் பேச்சு.

கார்த்திகை 6, சனி

மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

வாங்க வேண்டியவை: மண்ணெண்ணெய், தீப்பெட்டி, பசைக்கு மைதா, ஈர்க்குக்குப் புது வாரியல் ஒன்று. பிள்ளைகளைக் கட்டச் சொல்லிவிட்டு நான் ஒன்று கட்டிப் பார்க்காவிட்டால் எப்படி.

கடைக்கார அண்ணாச்சி: "என்ன சார்வாள், பள்ளிக்கூடத்துப் பயலுவ பூரா வாரியல் கேட்டு வாரானுவ! ஊரக் கூட்டப் போறியளோ?"

சாயங்காலம் நடுவீட்டில் உட்கார்ந்தேன். முதலில் ஈர்க்குகளை ஒரே கட்டாகக் கட்டி இரண்டு செங்கலுக்கு நடுவே வைத்தேன். செம்பைத் தொங்கவிட்டதும் வில் மாதிரி வளைந்து சரிந்தது. செம்பு உருண்டு கதவில் முட்டி நின்றது.

அடுத்தது பெட்டி மாதிரி. நாலு மூலைக்கு நாலு ஈர்க்குக் கால், மேலே கீழே சட்டம். ஒரு கையில் ஈர்க்குகளைச் சேர்த்துப் பிடித்து, இன்னொரு கையால் நூலைச் சுற்றினால் முடிச்சை இறுக்கக் கை இல்லை. பல்லால் இழுத்தேன். நூல் அறுந்தது. இரண்டாவது தடவையும் அறுந்தது.

அடுப்படி வாசலில் கோமதி நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. வந்து எதிரே உட்கார்ந்தாள். ஆள்காட்டி விரலை முடிச்சின் மேல் வைத்து அழுத்தினாள்.

"இப்பம் இழுங்க."

இழுத்தேன். விரலும் சேர்ந்து மாட்டிக்கொண்டது. உருவி எடுத்துக்கொண்டாள். அடுத்த மூலைக்கும் விரலை வைத்தாள்.

"எதுக்கு இது?"

சொன்னேன்.

"ஒடைக்கதுக்கா இவ்வளவு பாடுபட்டுக் கெட்டுதிய?"

"எம்புட்டுத் தாங்கும்னு வேற எப்பிடித் தெரியும்?"

 அவள் விரலை எடுக்கவில்லை.

பெட்டிப் பாலமும் நிற்கவில்லை. ஒடியவில்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்து தட்டையாகப் படுத்துவிட்டது. கோமதி அதை நிமிர்த்தினாள், மறுபடி படுத்தது. மறுபடி நிமிர்த்தினாள். பிறகு நான் மூலைக்கு மூலை குறுக்கே ஒரு ஈர்க்கு வைத்துக் கட்டினேன். அவள் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. இந்தப் பக்கமிருந்து தள்ளினாள். அசையவில்லை. முக்கோணம். காலேஜில் பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். கையில் தட்டுப்பட்டது இன்றுதான்.

அதற்குள் சோறு குழைந்துவிட்டது. இரண்டு பேரும் பேசாமல் சாப்பிட்டோம். ஆனால் நேற்றைய பேசாமை மாதிரி இல்லை.

கார்த்திகை 8, திங்கள்

வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது.

தலைமையாசிரியர் (இனி த.ஆ.) கூப்பிட்டுவிட்டார். அறை வாசலில் தாய்மார் மூன்று பேர். வீட்டில் வாரியல் மொட்டையாகிவிட்டதாம். ஒருத்தி சாட்சிக்கு அதைக் கையிலேயே கொண்டுவந்திருந்தாள். பிடி மட்டும் இருந்தது.

அவர்கள் போனபிறகு த.ஆ.: "பாலம்னா நிக்கணும்வே. ஒடைக்கதுக்குப் போயி எவனாவது கெட்டுவானா? நல்லா கெட்டுனத அலமாரியில வையும். வாரவுக பாத்துட்டுப் போவாக."

"ஒடையுற எடத்தப் பாத்தாத்தான் சார், எங்க பலவீனம்னு தெரியும்."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார்.

"என்னமோ செய்யும். ஒடிஞ்ச குச்சியெல்லாம் சுத்தமாக் கூட்டி அள்ளிரணும்."

எதை வைத்துக் கூட்டுவது என்று நான் கேட்கவில்லை.

கார்த்திகை 10, புதன்

கொட்டித் தீர்த்தது. நாலாம் பாரத்து ஓடு ஒழுகுகிறது. பையன்கள் தங்கள் பாலங்களை வீட்டில் வைத்துக் கட்டுகிறார்கள். வகுப்பில் பெண்பிள்ளைகள் இரண்டே பேர், செண்பகமும் ராஜாத்தியும். தெருவில் பாலத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தால் பயல்கள் கேலி பண்ணுவார்கள் என்று அவர்கள் மட்டும் வகுப்பு அலமாரி மேலேயே வைத்திருந்தார்கள். நேர் மேலே ஒழுகல். பசை கரைந்து, நூல் தொங்கி, நனைந்த குருவிக்கூடு மாதிரி ஆகிவிட்டது.

செண்பகம் அழுதாள். ராஜாத்தி அழவில்லை, ஓட்டை முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். "ஏட்டி, அழாத. முந்துனத விட நல்லா கெட்டுவோம்" என்றாள். ஆனால் எங்கே வைத்து? செண்பகம் வீட்டில் ஒரே அறை, அதிலும் தறி. ராஜாத்தி வீட்டில் அவள் தம்பிகள் ஈர்க்கை அம்பு விட்டுவிடுவார்களாம்.

நாளை சாயங்காலம் நம் வீட்டுக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். சொன்னபிறகுதான் யோசனை. கோமதிக்கு இப்போது ஆள் வருவது பிடிக்குமோ என்னவோ. தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"வரட்டும்" என்றாள். கொஞ்சம் கழித்து, "சீனிக்கிழங்கு வாங்கிட்டு வாங்க."

கார்த்திகை 11, வியாழன்

ஈரக் காற்று. எனக்கு ஜலதோஷம்.

பிள்ளைகள் இருவரும் வந்தார்கள். செண்பகம் வீட்டிலிருந்து தறிக்குக் கஞ்சி போட்டு வைத்த பாவு நூல் ஒரு கண்டு கொண்டுவந்திருந்தாள். கோமதி கிழங்கு அவித்துப் போட்டாள். மூன்று பேரும் நடுவீட்டில். நான் நோட்டுத் திருத்துகிற சாக்கில் அடுத்த அறையில். உதவி செய்யக்கூடாது என்று எனக்கு நானே போட்ட விதி. காதை மூட விதி இல்லை.

"ஏட்டி, இழு இழு... அக்கா வெரலு!"

"பரவாயில்ல, இழு."

கொஞ்ச நேரம் நூல் சுற்றுகிற சத்தம். பிறகு செண்பகம், கிழங்கை மென்றுகொண்டே: "அக்கா, உங்களுக்குப் பொறந்தது ஆணா, பொண்ணா?"

பேனா நின்றுவிட்டது.

"ஏட்டி, சும்மா கெட" என்று ராஜாத்தி அதட்டினாள்.

கோமதி சொன்னாள்: "ஆணாம்."

"எங்கம்மைக்கும் எனக்கு முன்னால ஒண்ணு தவறிட்டுக்கா. அவன் மூக்கு எங்கய்யா மூக்காம். அம்மை இப்பமும் சொல்லுவா. நான் அவனப் பாத்ததே இல்ல, ஆனாலும் எங்கண்ணனத் தெரிஞ்ச மாதிரிதான் இருக்கும்."

"உங்கம்மை பாத்தாளா?"

"பாக்காம? மடியிலயே வச்சிருந்தாளாம். யாரு கேட்டும் குடுக்கலயாம்."

மறுபடி நூல் சத்தம். 

"இந்த மூலைய இன்னும் இறுக்கணும்" என்றாள் கோமதி.

பிள்ளைகள் போனபிறகும் எனக்கு வேலை ஓடவில்லை. ஆணாம். பெற்றவள் சொல்கிற சொல்லா அது. யாரோ எங்கேயோ கேள்விப்பட்ட மாதிரி. பார்த்தவன் நான் இந்த அறையிலேயே இருக்கிறேன்.

கார்த்திகை 13, சனி

வெயில்! நல்ல வெயில். போட்டி.

காலையில் கிளம்பும்போது, "நானும் வரட்டா?" என்றாள். எங்கே என்று கேட்டேன், மடையன் மாதிரி.

நாலாம் பாரமும், வேடிக்கை பார்க்க மற்றப் பாரங்களும். கோமதி ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றாள். த.ஆ. நாற்காலி போட்டு முன்வரிசையில், முகத்தை இறுக்கிக்கொண்டு.

முதல் பாலம் வெறும் வாளியிலேயே ஒடிந்தது. கட்டினவன் சபைக்குக் கும்பிடு போட்டான். ஒன்று பசையைக் கொட்டிக் கட்டினது, பாலமா பணியாரமா தெரியவில்லை. ஆனாலும் கொஞ்சம் தாங்கியது. ஒன்று வளைந்து வளைந்து வாளியைத் தரையில் வைத்துவிட்டது. அது ஒடிந்ததில் சேர்த்தியா இல்லையா என்று ஒரு சண்டை.

பிறகு செண்பகம், ராஜாத்தி பாலம். பையன்கள் பக்கம் ஒரே இளிப்பு. ராஜாத்தி வாளியை மாட்டினாள். செண்பகம் சிரட்டையால் மணல் போட்டாள். போட்டுக்கொண்டே இருந்தாள். இளிப்பு நின்றது. ஈர்க்கு கிர்ர் என்றது. இன்னும் போட்டாள். த.ஆ. நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். வாளி நிறைந்தது. மேலே கூம்பாகக் குவித்தாள். நிற்கிறது.

"இன்னும் போடுங்க! என்ன யோசன?" யார் என்று பார்த்தால் த.ஆ. எழுந்து நிற்கிறார். மணலுக்கு இடமில்லை என்றதும் தம் மேஜையிலிருந்து காகிதம் பறக்காமல் வைக்கிற கண்ணாடிக் குண்டை எடுத்துவந்து தம் கையாலேயே வைத்தார். நின்றது. சாவிக்கொத்தை வைத்தார். அப்போதுதான் ஒரு மூலையில் நூல் நழுவி, பாலம் சாய்ந்து, மணல் முழுதும் அவர் காலில்.

"பலே!" என்றார், காலை உதறிக்கொண்டே.

கடைசி ஜோடி வாசுதேவநல்லூர்ப் பையன்கள். பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்த பாலம். அது இன்னும் இரண்டு செங்கல் கூடத் தாங்கியது. அவர்களுக்கு ஜெயம். செண்பகம், ராஜாத்திக்கு இரண்டாம் இடம்.

ராஜாத்தி வெளியே வந்து கோமதியிடம், "அந்த ஒரு முடிச்சுக்கா. அது மட்டும் நழுவலன்னா..."

"அது கெடக்கட்டும். எம்புட்டுத் தாங்குச்சு, பாத்தியாட்டி" என்றாள் கோமதி.

திரும்பி வரும்போது இரண்டு பேரும் மட்டும். ரதவீதியில் கூட்டமில்லை. எப்போதும் ஓர் அடி பின்னால் வருகிறவள் பக்கத்தில் வந்தாள்.

"அவன் யாரு மாதிரி இருந்தான்?"

நடந்துகொண்டே சொல்ல முடியவில்லை. ஒரு மூடின கடை நிழலில் நின்றேன். பேசிராதிய என்று அத்தை சொன்னது ஞாபகம் வந்தது. இருந்தும் சொன்னேன், ஒன்று விடாமல். தலை நிறைய முடி. நெற்றியில் ஈரமாக ஒட்டியிருந்தது. இடது காதின் மேல்மடல் மடங்கியிருந்தது. நான் நிமிர்த்தினேன், திரும்ப மடங்கிக்கொண்டது. வாய் உன் வாய். மாமா என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளப் பார்த்தார், நான் கொடுக்கவில்லை. எலுமிச்சைத் தோட்டத்துக்குக் கீழே ஓடைக்கரை வரைக்கும் நான்தான் வைத்திருந்தேன். என் துண்டில் சுற்றி.

"எந்தத் துண்டு?"

"பச்சைக்கரை போட்டது."

"அதக் காணும்னு கொடியில தேடுனேன்" என்றாள்.

பிறகு: "கனமா இருந்தானா?"

எதையும் நிறுத்து அளந்து சொல்லுகிறவன் நான். இதற்கு அளவு தெரியவில்லை.

"கனமாத்தான் இருந்தான். எனக்குக் கையி வலிச்சுது."

"இருப்பான். நான்லா சொமந்தேன்."

அதன்பிறகு அழுதாள். முகத்தை மூடிக்கொள்ளவில்லை. நானும்தான். தெருவில் யார் பார்த்தார்கள், பார்க்கவில்லை, தெரியாது.

கார்த்திகை 14, ஞாயிறு

வெயில். ஜலதோஷம் குறைவு.

புளியங்குடிக்குக் கிளம்புகிறோம். முதலில் ஓடைக்கரை, பிறகுதான் அத்தை வீடு. கோமதி சொன்ன வரிசை. அத்தைக்கு என்ன சமாதானம் சொல்வது என்று யோசித்தேன். "நான் சொல்லிக்கிடுதேன்" என்கிறாள்.

எடுத்துக்கொள்ள: குடை, தண்ணீர்ச் செம்பு, அவளுக்கு மாற்றுச் சேலை. பஸ் காலையில் உண்டு என்கிறார்கள், வந்தால்தான் நிஜம்.

தலை பின்னிக்கொண்டே கேட்கிறாள்: "அவனுக்குப் பேரு ஒண்ணு வைக்கணும்லா?"

எனக்கு ஒன்று தோன்றுகிறது. இங்கே எழுதவில்லை. முதலில் அவளிடம் சொல்லவேண்டும்.